வலது பெடலில் சத்தம் இல்லை

மார்ச் 2, ஞாயிறு

கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் பெற்ற பிள்ளை, என் வீட்டுச் சுவர்க் கொக்கியிலிருந்து, என் கார் சாவியை. திருடன்கூட இப்படி மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிக்கொண்டு திருட மாட்டான்.

குற்றம் என்னவென்றால், போன புதன்கிழமை கார் எங்கள் கேட் தூணில் உரசியது. பம்பரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். பிரேக்கை அழுத்தினேன். அது மெத்தென்று உள்ளே போனது, பிடிக்கவில்லை. மெக்கானிக் காரை வாங்கி ஊரையே சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக்ல ஒரு குறையும் இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் பௌதிகம் நடத்தியவளுக்கு பிரேக் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியாதா?

இன்று மகன் வந்தபோது நான் கணினியில் விமானம் இறக்கிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் எனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே பைத்தியம் இதுதான். பழைய ஜாய்ஸ்டிக். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, ஆடிய பல் மாதிரி எந்தப் பக்கமும் சாயும். அவன் கதவருகே நின்று பார்த்த அந்த நிமிஷத்தில்தானா விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்க வேண்டும்?

"கம்ப்யூட்டர்லயே நேரா இறக்க வரலை. ரோட்டுல எப்படிம்மா?"

"இது ஜாய்ஸ்டிக்கோட கோளாறுடா."

"அன்னிக்கு பிரேக்கோட கோளாறு. இன்னிக்கு ஜாய்ஸ்டிக்கோட கோளாறு."

எனக்கு வந்ததே கோபம். "நல்ல கருவி வாங்குறேன். உன் கண்ணு முன்னாடி பத்துத் தடவை இறக்குறேன். பத்தும் நடுக்கோட்டுல. அப்ப சாவி கொக்கிக்கு வரணும்."

"சரி, வரும்."

"எழுதிக் கொடு."

"அம்மா!"

எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே நான் இங்கே எழுதி வைக்கிறேன். தேதி மேலே இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நாலு வாரத்துக்கு ஒரு முறை இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, கண்ணில் ஊசி. போடாவிட்டால் இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். ஊசி போட்டபின் கண்ணில் கட்டு, வெளிச்சம் ஆகாது. வழியில் மேடு பள்ளம் வந்தால் முன்கூட்டியே சொல்வேன். இவர் என் கையைப் பிடிக்காமல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவு வீம்பு.

இன்று வாடகைக் கார். ஓட்டுநர் ஃபோனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினார். ஒரு பள்ளத்தையும் விடவில்லை. இவர் கதவுப் பிடியை விடவில்லை. வீடு வந்து இறங்கியபின், "உன் ஃப்ளைட்டே தேவலை" என்றார்.

இதை மகன் காதில் போட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

கடைக்குப் போனேன். நீலச் சட்டை போட்ட விற்பனையாளர், முப்பது வயசிருக்கும்.

"பேரனுக்கா ஆன்ட்டி?"

"எனக்கு."

"உங்களுக்கா!" என்று சிரித்துவிட்டு, கார் பந்தய ஸ்டீயரிங்கைத் தூக்கி வைத்தார். விமானம் என்று மூன்று முறை சொன்னபின்தான் காதில் ஏறியது.

விமானத்தின் கைப்பிடியை யோக் என்கிறார்கள். கார் ஸ்டீயரிங் மாதிரி திருப்பவும் வேண்டும், இழுக்கவும் தள்ளவும் வேண்டும். அங்கே மூன்று இருந்தன. மூன்றையும் மெல்ல, மிக மெல்ல இழுத்துப் பார்த்தேன். இரண்டு யோக்குகள் முதலில் அசையவில்லை, பிறகு சட்டென்று குதித்தன. பழைய மேஜை இழுப்பறை அப்படித்தான்: வராது, வராது, வந்தால் சாமானெல்லாம் தரையில். தரை தொடப்போகும் விமானத்தை அப்படி இழுத்தால் என்ன ஆகும்? மூன்றாவது வெண்ணெயில் கத்தி போல வந்தது. திருப்பும்போதும் அது பக்கத்துக்குத் தொண்ணூறு பாகை போகிறது, மற்றவை பாதிதான். கோடுகள் நெருக்கமாக இருக்கும் வெப்பமானியைவிடத் தள்ளித் தள்ளி இருப்பதைப் படிப்பது சுலபம். இதுவும் அதுதான்.

விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் கால் பெடலில் இரண்டு வகை. ஒன்றில், உள்ளே ஒரு முள் தகட்டில் உரசி அளவு சொல்லும். உரசுவது தேயும், சாக்பீஸும் தேயும், கரும்பலகையும் தேயும். இன்னொன்றில் காந்தம், எதுவும் எதையும் தொடாது. காந்தத்தைக் கேட்டேன்.

"அது ப்ரோ ஆளுங்க வாங்குறது ஆன்ட்டி. உங்களுக்கு இது போதும்."

எனக்கு எது போதும் என்று இவர் யார் சொல்ல? "மேஜைப் பலகை முப்பத்தெட்டு மில்லிமீட்டர். இந்த யோக்கோட பிடி எவ்வளவு அகலம் திறக்கும்?" என்று கேட்டேன். விழித்தார். அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது என்று நானே அதில் படித்துக் காட்டினேன்.

காந்தம்தான் வாங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

பெட்டிகள் வந்தன. யோக்கை மேஜையில் முடுக்கியாயிற்று. பெடல் பலகையைத் தரையில் வைத்து அழுத்தினால் அது நகர்ந்து சுவரில் முட்டுகிறது. சரி, சுவரோடு சாய்த்து வைத்தேன். இப்போது பெடல் நகரவில்லை, நாற்காலி பின்னால் ஓடுகிறது! செயலுக்குச் சமமான எதிர்ச்செயல் என்று எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தேன், என் வீட்டு நாற்காலிக்கு மட்டும் அது மறக்கவில்லை.

நாற்காலிக்கு ஐந்து சக்கரம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பழைய செருப்பு. இப்போது ஆடவில்லை. இவர் தடவிப் பார்த்துவிட்டு, "விமானத்துக்குச் செருப்பு போட்ட முதல் ஆள் நீதான்" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அளவுத்திருத்தம். காலிபிரேஷன் என்கிறார்கள். எந்தக் கருவியானாலும் எது தொடக்கம், எது முடிவு என்று முதலில் அதற்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராத தராசு காற்றைக்கூட எடை போடும். வகுப்பில் ஒவ்வொரு ஜூனிலும் முதல் பாடம் சுழிப்பிழைதான்: ஒன்றுமே வைக்காதபோது முள் எங்கே நிற்கிறது என்று பார், பிறகு மற்றது.

செய்முறை எளிது. திரையில் ஒரு பச்சைப் பட்டை. யோக்கை இந்த ஓரம் வரை, அந்த ஓரம் வரை. பிறகு பெடலை இடது முழுவதும், வலது முழுவதும். 'சேமி' என்று தட்டினால், இரண்டு ஓரத்துக்கும் நட்டநடுவை அதுவே கணக்கிட்டு, அதுதான் மையம் என்று வைத்துக்கொள்ளும்.

இடது பெடல் ஓரத்துக்குப் போனதும் 'டக்' என்று இடித்து நிற்கிறது. வலது பக்கம் சத்தமே இல்லாமல் இதமாக நிற்கிறது. அந்தப் பக்கம் ரப்பர் கிப்பர் வைத்திருப்பார்கள் போல. இரண்டு பக்கமும் வைத்தால் என்ன, கஞ்சர்கள்.

மார்ச் 12, புதன்

விமானம் வலது பக்கம் இழுக்கிறது.

ஒற்றை இயந்திர விமானம் கிளம்பும்போது விசிறியின் சுழற்சியால் இடப்பக்கம் இழுக்கும். அது இயற்கை, புத்தகத்திலேயே உண்டு. இது வலது பக்கம் இழுக்கிறது. கிளம்பும்போதும், வானத்திலும், இறங்கும்போதும். ஏழு முறை இறங்கினேன், ஏழு முறையும் வலப்பக்கப் புல்.

மார்ச் 13, வியாழன்

பதற்றப்படாமல் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். யோக்கின் இணைப்பைக் கழற்றினேன். அப்போதும் இழுக்கிறது. அப்படியானால் யோக் நிரபராதி. அதை மாட்டிவிட்டுப் பெடல் இணைப்பைக் கழற்றினேன். நேராகப் போகிறது. அகப்பட்டது திருடன்!

ஆனால் ஒருவேளை என் கால் தெரியாமல் வலது பெடலை அழுத்துகிறதோ? சந்தேகத்தை எனக்கும் சமமாகப் பங்கு போட வேண்டும் அல்லவா. பெடலைத் திரும்ப மாட்டி, இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெடல் மேல் யாரும் இல்லை. ஈகூட இல்லை.

இழுக்கிறது.

இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

கடைக்கு ஃபோன். நீலச் சட்டைதான்.

"ஆன்ட்டி, கால் அதுமேல வெயிட்டா இருக்கும். வயசானவங்களுக்குக் கால் கொஞ்சம்—"

"கால் நாற்காலி மேல இருக்கு."

"யாரோட கால்?"

"என்னோட கால்! ரெண்டும்! எண்ணிட்டேன்!"

அங்கே யாரிடமோ கேட்டார். பிறகு, "டெட் ஸோனைக் கூட்டிக்கோங்க ஆன்ட்டி" என்றார். மையத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குப் பெடல் அசைந்தாலும் கணினி கண்டுகொள்ளாமல் இருக்கும்படி வைக்கலாம். அதுதான் டெட் ஸோன். எங்கள் பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். மெதுவாகச் சொன்னால் காதில் விழாது, கத்தினால்தான் தலை நிமிரும். இவர்கள் என் பெடலை அந்தத் தலைமை ஆசிரியராக ஆக்கச் சொல்கிறார்கள். நோயைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள் என்கிற வைத்தியம்.

மாற்றித் தர வேண்டும் என்றேன். முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்.

சாவி பன்னிரண்டு நாளாக மகன் வீட்டில்.

மார்ச் 16, ஞாயிறு

மகன் வந்தான். "என்னம்மா, இன்னிக்குப் பரீட்சையா?" என்றான். வினாத்தாளே அச்சுப்பிழை என்றேன். சிரித்தான். அவன் சிரிக்கும்போது இவர் சாயல். இன்று அதுகூடப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

புதுப் பெடல் வந்தது. முத்திரை உடையாத பெட்டி. கவனமாக அளவுத்திருத்தம் செய்தேன். இடது, 'டக்'. வலது, இதம்.

மார்ச் 20, வியாழன்

இதுவும் வலது பக்கம்.

இவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பறக்கும்போது இவர்தான் ஒரே பயணி. திரை தெரியாது, சத்தத்தை வைத்தே புல்லா தார்ச்சாலையா என்று சொல்லிவிடுவார். இன்று, "புல்லு" என்றார். நான் மறுபடி கிளம்பினேன். கொஞ்சம் கழித்து, "நீ கிளாஸ்ல ஒரு கடிகாரக் கதை சொல்வியே டீச்சர்" என்றார்.

"என்ன கடிகாரம்?"

"ரெண்டு கடிகாரம். ரெண்டும் சரியா அஞ்சு நிமிஷம் லேட்டாக் காட்டினா..."

"இப்ப எதுக்கு அது? ரெண்டு பெட்டியும் ஒரே தொழிற்சாலை. ஒரே ஆள் ஒரே தப்பைப் பண்ணியிருக்கான். போய் டீ இருக்கான்னு பாருங்க."

போய்ப் பார்த்தார். டீ இருந்தது. எனக்கு ஊற்றிக் கொண்டுவரவில்லை.

மார்ச் 22, சனி

கடைக்குக் கடிதம். மூன்று பக்கம், ஒரு வரைபடம், பதினாறு அளவீடுகள், பரிசோதனையின் படிகள், முடிவு. 'மூத்த வாடிக்கையாளரின் காலைச் சந்தேகிக்கும் முன் உங்கள் காந்தத்தைச் சந்தேகியுங்கள்' என்று கடைசி வரி. மறுபடி படித்துப் பார்த்தேன். இதை ஒரு மாணவி எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

மார்ச் 28, வெள்ளி

கடையிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் ஒரு பை, காதுக்குப் பின்னால் பென்சில். சண்டைக்குத் தயாராக மூன்று பக்கத்தின் நகலோடு நின்றேன். அவர் முழுவதையும் படித்திருந்தார்.

"கடையில எல்லாரும் உங்க லெட்டரைப் படிச்சோம் டீச்சர். இந்த அளவுக்கு யாரும் டெஸ்ட் பண்ணித் தந்ததில்லை."

புகழ்ந்து அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறார்களா? "கோளாறை ஒத்துக்கிறீங்களா?"

"பார்த்துட்டுச் சொல்றேன். முதல்ல நீங்க செய்றதை அப்படியே செஞ்சு காட்டுங்க."

செய்தேன். இடது, டக். வலது. சேமி. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் காலையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை, டீச்சர்."

செய்தேன்.

"நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால போட்டுப் பார்ப்போமா?"

செருப்புகளை நகர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்தார். மறுபடியும் செய்தேன். பிறகு அவர் தரையில் மண்டியிட்டு, "காலை எடுத்துக்கோங்க" என்று சொல்லி, உள்ளங்கையை வலது பெடலில் வைத்துத் தள்ளினார். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரல் தூரம் போனது.

டக்.

அதே சத்தம். இடது பக்கத்தின் அதே சத்தம்.

ரப்பர் இல்லை. கிப்பரும் இல்லை.

திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்தார். அங்கே பட்டை இல்லை, வெறும் எண்கள். இடது ஓரம் சுழி. வலது ஓரம் 1023. பெடல் சும்மா இருக்கும்போது 512. நான் காலால் அழுத்தியபோது 846.

அவர் விளக்கவே இல்லை. விளக்கத் தேவையும் இல்லை, அது என் பாடம். 846தான் ஓரம் என்று நான் சொன்னேன். நான் சொன்னதை நம்பி அது பாதியைக் கணக்கிட்டது, 423. அதுதான் மையம் என்று வைத்துக்கொண்டது. பெடல் நிற்பதோ 512இல். கால் வைக்காமலேயே எண்பத்தொன்பது வலது பக்கம். சுழிப்பிழை. நான் ஊட்டிய சுழிப்பிழை. இவர் சொன்ன கடிகாரம்தான்: இரண்டு பெட்டிக்கும் நேரம் வைத்தது ஒரே ஆள்.

அவர் கையால் தள்ளி அளவுத்திருத்தம் செய்து கொடுத்தார். விமானம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நாற்காலியின் அடியைக் காட்டி, "தப்பா நினைக்காதீங்க டீச்சர். வலது கால் செருப்பு மட்டும் ஏன் முனை இப்படித் தேஞ்சிருக்கு?" என்றார்.

மார்ச் 29, சனி

ஐந்து செருப்பையும் எடுத்து ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தேன். மூன்று வலது, இரண்டு இடது. வலது மூன்றும் பெருவிரல் இடத்தில் ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. இடது இரண்டும் இன்னும் ஒரு வருஷம் போடலாம்.

வலிக்கவே இல்லையே. மரத்தும் போகவில்லையே. வலித்திருந்தால் தெரிந்திருக்காதா? வெறும் காலோடு கதவருகே நின்று, வலது காலில் மட்டும் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தேன். குதிகால் தரையை விட்டு எழவில்லை. நான் தூக்குகிறேன், அது கேட்கவில்லை. இடது காலில் எழும்புகிறேன், சின்னப் பெண் மாதிரி எழும்புகிறது.

பெடலுக்கு முழுவதும் என்று நான் காட்டியது முழுவதும் இல்லை. என்னால் முடிந்தது அவ்வளவு, அதைத்தான் முழுவதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கையும் அப்படித்தானே அழுத்தியிருப்பேன்.

மெத்தென்று போனது பிரேக் இல்லை.

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. கால் மேல் கோபித்துக்கொண்டு என்ன செய்ய? அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசிக்கு இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நானே ஓட்டியிருந்தால்? பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் அந்தச் சாலை போகிறது. நான் சொல்லித்தந்த அதே வாசல். ஐயோ, எத்தனை செவ்வாய் அப்படிப் போயிருக்கிறேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் டீ ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 30, ஞாயிறு

மகன் வந்தான். உட்காரச் சொன்னேன். காகிதமும் பேனாவும் கொடுத்தேன்.

பத்து இறக்கம். சின்ன விமானத்துக்குத் தரை தொடும் நேரத்தில் கால் லேசாகத்தான் வேண்டும், 846 தாராளம். அவன் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டான். பின்னாலிருந்து பயணி ஒவ்வொரு முறையும், "தார்" என்றார். எட்டாவது மட்டும் ஒரு மீட்டர் இடது. நானே சொல்லி, அதைத் தள்ளிவிட்டு இன்னொன்று இறக்கினேன்.

கடைசியில் மகன் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். "சாரிம்மா. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அந்தச் சாவியை எவ்வளவு நாள் பார்க்க ஆசைப்பட்டேன்! விரல் வரை வந்துவிட்டது.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"என்னம்மா?"

"செவ்வாய்க்கிழமை அப்பாவை நீ கூட்டிட்டுப் போ. லீவு போடு. அடுத்த வாரம் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. என் வலது கால் சரியில்லை."

விழித்தான். செருப்புகளைக் காட்டினேன். எண்களைக் காட்டினேன். அழுத்திக் காட்டினேன், சத்தம் வரவில்லை என்பதைக் கேட்கச் சொன்னேன். இவரும் கேட்டார். இவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

"அப்புறம் ஏம்மா இவ்வளவு நேரம் உட்கார்ந்து பத்துத் தடவை இறக்கிக் காட்டின?"

"பத்துன்னு சொன்னேன். சொன்னதை முடிச்சேன். அது வேற கணக்கு, இது வேற கணக்கு. இன்னொண்ணும் கேட்டுக்கோ. சாவியை எடுத்த உன் விடை சரி. ஆனா நீ சொன்ன காரணம் தப்பு. கம்ப்யூட்டர்ல புல்லுல இறங்கினது ஜாய்ஸ்டிக்கோட கோளாறுதான். காரணம் தப்பா எழுதினா நான் பாதி மார்க்தான் போடுவேன்."

"பாதியாவது போட்டியே" என்றான்.

பின்னாலிருந்து இவர், "எனக்கு முழு மார்க் வரணும். கடிகாரத்தை நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மகன் ஓட்டினான். நான் பின் இருக்கையில். மேட்டை மூன்றாவது கியரில் ஏற்றுகிறான், வண்டி மூச்சு வாங்குகிறது. திருப்பத்தில் கடைசி நொடியில் பிரேக். இவனிடமிருந்து யார் சாவியைப் பிடுங்குவது?

வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறைதான் திறந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கீழ்முதுகில் ஒரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே வலது காலுக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது. டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். "வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க. இது சத்தம் போடாம வந்திருக்கு. நேரத்துல வந்தீங்க, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். பயிற்சி செஞ்சு பார்க்கலாம். இந்த வயசுல—"

"வயசை விடுங்க. எத்தனை வாரம்?"

பன்னிரண்டு என்றார். அதுவரை கார் ஓட்டக் கூடாது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை, அடுத்த முறை எண்களைக் கொண்டுவரச் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

கடைக்கு இரண்டாவது கடிதம். நாலே வரி. காந்தம் நிரபராதி, மன்னிக்கவும். சர்வீஸுக்கு வந்த அம்மாவுக்குத் தனியாக நன்றி. 'ஆனால் பெடல் இடித்து நிற்கும் சத்தம் வரும்வரை தள்ளச் சொல்லி உங்கள் கையேட்டில் ஒரு வரி இல்லை. அது உங்கள் தவறு.' நியாயம் நியாயம்தான்.

வலது: 846.

ஏப்ரல் 26, சனி

வலது: 851. இரண்டு வாரம் உயிரை விட்டு ஐந்து!

பயிற்சி சொல்லித்தரும் அம்மா, "சூப்பர் மேடம், சூப்பர்" என்கிறார். ஐந்துக்கு என்ன சூப்பர்? பொய்யாகப் புகழ்ந்தால் மாணவன் கெட்டுப்போவான்.

மே 10, சனி

870.

மே 17, சனி

866. குறைந்துவிட்டது. இரண்டு முறை அளந்தேன், மூன்று முறை அளந்தேன். செருப்பைச் சுவரில் எறிந்தேன். இவர் அதைத் தடவித் தேடி எடுத்துவந்து, எந்தக் கால் செருப்பு என்று விரலால் முனையைத் தொட்டுப் பார்த்து, "இடது. இதை எறிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

மே 27, செவ்வாய்

ஊசி. மகன் இப்போது மேட்டுக்கு முன்னாலேயே இரண்டாவது கியர் போடுகிறான். நான் சொல்லவில்லை. அவன் அப்பாதான் கதவுப் பிடியைப் பிடித்தபடி, "மேடு வருது" என்றார். கண் கட்டோடு! எப்படித் தெரியும் என்று கேட்டால், இத்தனை நாள் நான் சொல்லிச் சொல்லி வழி முழுவதும் மனப்பாடம் என்கிறார்.

மே 31, சனி

941.

ஜூன் 14, சனி

988. நுனிக்காலில் எழும்பி ஆறு எண்ணும்வரை நிற்கிறேன். டாக்டர் எண்கள் எழுதிய தாளை வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தரச் சொன்னேன்.

ஜூன் 28, சனி

காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். இடது, டக். பிறகு வலது.

இவர் பக்கத்து அறையிலிருந்து, "இப்ப எந்தக் காலு?" என்றார்.

இன்னொரு முறை அழுத்தினேன். அவர் வந்து கதவருகே நின்றுகொண்டார். இன்னும் ஒரு முறை.

1023.

ஜூலை 15, செவ்வாய்

போன வாரம் டாக்டர் தன் கையை என் வலது காலால் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். திருப்பங்களில் அவன் கால் தன்னை அறியாமல் தரையை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

நாலு வாரக் கணக்கு நடுவில் டாக்டர் விடுமுறையால் தள்ளிப்போய், இன்று ஊசி. ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். இவர் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, "கேப்டன், தூண் எந்தப் பக்கம்?" என்றார்.

"உங்க பக்கம்."

தூணுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. மெக்கானிக்கை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.